டீடெய்லிங் கடை போடுகிறவர்கள் பக்கத்துக் கடையைக் கழுவ வேண்டாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போகும் வழியில் போன மாதம் ஒரு புதிய கார் டீடெய்லிங் கடை, அதாவது காரைக் கழுவிப் பாலிஷும் கோட்டிங்கும் போட்டுத் தருகிற கடை, திறந்திருக்கிறது. நடத்துகிற தம்பிக்கு 24 வயது இருக்கலாம். தரையில் ஓடு பதித்து, கூரையில் வரிசையாக விளக்குப் போட்டு, இடத்தைக் கண்ணாடி போல வைத்திருக்கிறான். நான் தொழிலுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் பழைய கம்ப்ரஸரும்தான். வாழ்த்திவிட்டு வரலாம் என்று வண்டியை நிறுத்தியவன், வாசல் ஃபிளெக்ஸ் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மேலே கடையின் பெயர். அதற்கு அடியில், பெயரைவிடப் பெரிய எழுத்தில்: "மற்ற இடங்களில் கொடுத்து ஏமாந்தவரா? இங்கே வாருங்கள்!"

அந்த வரியை நான் பலகையில் எழுதியதில்லை. கடை திறந்த முதல் இரண்டு ஆண்டுகளும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே வாளித் தண்ணீரில் முழு வண்டியையும் கழுவுவது, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பானட்டில் வைப்பது, உச்சி வெயிலில் நிறுத்திப் பாலிஷ் போடுவது என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் பத்து வண்டிகளே கற்றுக்கொடுத்துவிடும். வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டியில் செய்கிற தவறுகள் அப்படி உடனே தெரிவதில்லை. நமக்குத் தெரியவரும்போது ஊருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பாதி விலைக்கு இறங்குவது

"மார்த்தாண்டத்தில் 15,000 வாங்குகிறார்களா? நான் 8,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன்." செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்டின் மேல் பூசுகிற பாதுகாப்புப் படலம், கேட்டு வருகிறவரிடம் புதியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

குறைந்த விலை தவறென்று சொல்லமாட்டேன். சொந்த இடம், வாடகை இல்லை, வேலையாள் இல்லை, நானே இரண்டு கையாலும் செய்கிறேன் என்றால் அந்த மிச்சத்தை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. திறப்புவிழாச் சலுகையும் கொடுக்கலாம். எந்தத் தேதி வரை என்று எழுதிவிடுங்கள். பக்கத்துக் கடையின் விலையைக் கேட்டுவிட்டு, நம் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே அதில் பாதியைச் சொல்வதுதான் கோளாறு. கோட்டிங் வேலை என்றால் கழுவ வேண்டும், களிமண் கட்டியால் அழுக்கை இழுக்க வேண்டும், கீறலைப் பாலிஷில் எடுக்க வேண்டும், எண்ணெய்ப்பசை போகத் துடைக்க வேண்டும், அதன்பிறகு பூச வேண்டும், ஒரு இரவாவது கூரைக்கு உள்ளே நிற்க வேண்டும். இரண்டு நாள் போய்விடும். இரண்டு வண்டி நிற்கிற கொட்டகையில் இரண்டு நாளுக்கு ஓர் இடம் அடைபட்டுக் கிடக்கும். பாதி விலைக்கு ஒப்புக்கொண்டவன் இதில் எதையாவது விழுங்கியே ஆக வேண்டும். முதலில் விழுங்குவது பாலிஷை. கீறலை எடுக்காமல் அதன்மேலேயே கோட்டிங் போடுவது, கீறலுக்குச் சட்டமடித்துக் கண்ணாடி போட்டு மாட்டுவதைப் போல. இன்னும் சிலர் எண்ணெய் நிறைந்த பாலிஷைத் தேய்த்துக் கீறலை மூடிவிடுகிறார்கள். ஒப்படைக்கிற அன்று பளபளக்கும். நாலு தடவை கழுவியதும் எல்லாக் கீறலும் எழுந்து உட்காரும்.

நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இரண்டு மழையிலும் வண்டி வரத்து குறையும், அப்போதுதான் இந்த விலைக்குறைப்பு வியாதி பரவும். அந்த மாதங்களில் வண்டியின் உட்புறத்தில் செய்கிற வேலையைத் தேடுங்கள். பூஞ்சை பிடித்த சீட்டும் நனைந்த கால்மிதியும் மழைக்காலத்தில்தான் வரும்.

அடுத்தவர் வேலையைப் பழிப்பது

இதைச் சற்று நீளமாகத்தான் எழுத வேண்டும். எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, பாதி என்மேல்.

கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டு, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நேரம். டிசம்பர் 3 வரை அந்தக் கூட்டம், அது முடிந்தால் கிறிஸ்துமஸ், நடுவில் கல்யாணங்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள். வருடத்தில் எங்களுக்கு நாலு காசு வருகிற வாரங்கள் அவைதான். குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் கறுப்பு நிறக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். எட்டு மாதத்துக்கு முன்பு வேறொரு கடையில் செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறார். இப்போது தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளவில்லை, அப்படியே பரவி நிற்கிறது என்றார்.

நான் பானட்டில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். பரவியது. அவ்வளவுதான் என் சோதனை. "கோட்டிங்கே போடவில்லை, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். வெறும் மெழுகைத் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள்" என்று சொன்னேன். யார் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருடைய வேறு வேலைகளைப் பற்றியும் எனக்குத் தெரியாத இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொன்னேன். வாடிக்கையாளரின் முகம் சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. புதிதாகக் கோட்டிங் போடச் சம்மதித்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். போகிற வழியிலேயே அந்தக் கடைக்காரருக்கு ஃபோன் போட்டுத் திட்டியிருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் மட்டும் ஆறேழு கார்கள்.

மறுநாள் காலை, நான் அந்தக் காரின் கூரையில் பாலிஷ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கடைக்காரரே வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஃபோனை எடுத்து, எட்டு மாதத்துக்கு முன்பு இதே வண்டிக்கு எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். ஒவ்வொரு பகுதியிலும் அளவுக்கருவியை வைத்துப் பெயிண்டின் தடிமனை எழுதியிருந்தார். பிறகு, "தம்பி, மாஸ்கிங் டேப் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பானட்டின் நடுவில் ஒரு நீளமான டேப்பை ஒட்டினார். இடப்பக்கத்தைத் தொடவில்லை. வலப்பக்கத்தில் உப்புக்கறை நீக்குகிற மிதமான அமிலக் கரைசலை ஒரு துணியில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம்கூட ஊறவிடாமல் கழுவித் துடைத்தார். டேப்பை உரித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்தார். இடப்பக்கம் தண்ணீர் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. வலப்பக்கம் சேம்பிலையில் விழுந்த மழைத்துளி மாதிரி உருண்டு திரண்டு, பானட்டின் சரிவில் ஓடிக் கீழே விழுந்தது.

கோட்டிங் அங்கேயேதான் இருந்தது. கடற்கரைப் பக்கத்து வீடு, ஆழ்துளைக் கிணற்று உவர் நீர். அதில் வாரம் ஒருமுறை கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிட்டிருக்கிறார்கள். தண்ணீரில் இருந்த கால்சியமும் மற்ற உப்புகளும் படலமாகப் படிந்து கோட்டிங்கை மூடிவிட்டன. கோட்டிங் போடாத வண்டியைப் போலத்தான் அது நடந்துகொள்ளும். படலத்தை எடுத்தால் மறுபடி உயிர் வந்துவிடும்.

எனக்கு அப்போது அது தெரியாது. தெரியாததுகூடப் பெரிய குற்றம் இல்லை. நான் அதற்குள் கூரையில் பாதியை மெஷினால் தேய்த்து, நன்றாக இருந்த கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தேன். அதோடு பெயிண்டின் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டிலும் கொஞ்சம் போயிருக்கும். பெரும்பாலான கார்களில் அந்த அடுக்கே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதைத் திருப்பிப் பூச என்னால் முடியாது.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கூரைக்கு என் செலவில் கோட்டிங் போட்டேன். திருவிழா வாரத்தில் மூன்று நாள் அந்த ஒரு வண்டி கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது, வந்த வண்டிகள் திரும்பிப் போயின. அதெல்லாம் ஒரு மாதத்து நஷ்டம். அந்தக் கடைக்காரர் தன்னிடம் இடமில்லாதபோது வருகிற வண்டிகளை அதுவரை என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அண்ணன் அனுப்பினார்" என்று வந்தவர்களை நான் யாரென்றே விசாரித்ததில்லை. அந்த வண்டிகள் நின்றுபோயின.

வண்டியை எடுக்க வாடிக்கையாளரின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. சாவியை வாங்கிக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மக்களே, உன்னிடம் வண்டியைக் கழுவச் சொன்னோம். ஆளைக் கழுவச் சொன்னது யார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆறேழு கார்களில் ஒன்றுகூட என் வாசலுக்கு வரவில்லை.

பரப்பில் தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்று இது. 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் இதற்குள் நெருக்கியடித்து இருக்கிறோம். ஒரு கோடியில் களியக்காவிளையில் சொன்னது மறுகோடியில் ஆரல்வாய்மொழிக்குப் போய்ச்சேர ஒரு கல்யாண வீடு போதும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. இன்னொருவரின் சேவையைப் பொய்யான தகவல் சொல்லி இழிவுபடுத்துவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது, அதையும் கவனியுங்கள்.

அப்படியென்றால் அடுத்தவர் வேலையில் குறை கண்டால் என்ன சொல்வது? கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள், செய்தது யார் என்பதற்குள் போகாதீர்கள். "இந்தக் கதவில் வட்டக் கீறல் இருக்கிறது. பாலிஷிலும் வரும், வீட்டில் அழுக்குத் துணியால் துடைத்தாலும் வரும்" என்று சொன்னால் போதும். எப்போது கோட்டிங் போட்டது, என்ன தண்ணீரில் கழுவுகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். உள்ளங்கை அளவு இடத்தில் உப்புப் படலத்தை எடுத்துப் பாருங்கள். மற்றக் கடையின் உத்தரவாதம் இன்னும் இருக்கிறது என்றால், முதலில் அங்கேயே காட்டச் சொல்லி அனுப்புங்கள். கையில் வந்த வேலையை அனுப்புவது கசக்கும். எனக்கு இப்போதும் கசக்கிறது, ஆனாலும் அனுப்புகிறேன்.

வாயில் வந்த உத்தரவாதம்

"ஒன்பது எச் கடினம், கல்லால் கீறினாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி எதிர்க்கடை வாடிக்கையாளரை இழுப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த ஒன்பது, பென்சில் கடினத்தை வைத்து அளக்கிற ஒன்பது. வைரத்துக்குப் பத்து போடுகிற மோஸ் அளவுகோல் வேறு. சாவியால் கீறினால் கோட்டிங்கும் கீறும். ரப்பர் தோட்டத்து மரநிழலில் மாதக்கணக்கில் நிற்கிற காருக்கும், முட்டத்தில் உப்புக்காற்றில் நிற்கிற காருக்கும் ஒரே ஐந்தாண்டு உத்தரவாதத்தை எழுதிக் கொடுக்கிறவர் ஐந்தாண்டு கடை நடத்தும் எண்ணத்தில் இல்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஒளித்துக் கொடுக்கும் கமிஷன்

பழைய கார் வியாபாரிகளும் மெக்கானிக்குகளும் வண்டி அனுப்புவார்கள், ஏதாவது எதிர்பார்ப்பார்கள். அதை வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றினால் இரண்டு விலை ஓடத் தொடங்கும். நேரே வந்தவர் ஒரு விலை, மெக்கானிக் வழியாக வந்தவர் இன்னொரு விலை. ஒருநாள் அந்த இருவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். நான் அனுப்புகிறவரின் சொந்த வண்டியைச் சும்மா கழுவிக் கொடுத்துவிடுகிறேன். அது போதாதென்று போனவர்களும் உண்டு, போகட்டும்.

காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம்

சொந்தக்காரர்களை வைத்து நமக்குப் புகழும் எதிர்க்கடைக்கு ஒற்றை நட்சத்திரமும் போடுவது. இந்திய தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே 2022இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரத்தை வெளியிட்டது. அந்த எண்ணை நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. வெளியூரில் இருக்கிற உங்கள் சித்தப்பா மகன், கார் இல்லாதவன், "என் கார் புதுசு போல ஆகிவிட்டது" என்று எழுதியிருப்பதை ஊரில் உள்ளவர்கள் படித்துச் சிரிக்கிறார்கள்.

அடுத்த கடைப் பையனை இழுப்பது

இழுத்த அதே சம்பளக் கயிற்றால் உங்களிடமிருந்தும் இழுப்பார்கள்.

அடுத்தவர் எடுத்த படத்தைப் போடுவது

வேண்டாம். படத்தில் பின்னால் தெரிகிற சுவர் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தப் புதிய கடைத் தம்பியிடம் கறுப்புக் காரின் கதையைச் சொன்னேன். டேப் ஒட்டிய இடத்துக்கு வந்தபோது வேலை செய்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டான். உப்பு நீர்ப் படலத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டான், என்ன கரைசல், எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டான். பலகையைப் பற்றி நான் வாயெடுத்ததும், "அண்ணா, அதற்கு 1,800 ரூபாய் ஆகிவிட்டது, மழை வரும் வரையாவது இருக்கட்டும்" என்றான்.

நேற்று அந்த வழியாகப் போனேன். இரண்டாவது வரியின்மேல் ஒரு கோவில் கொடைவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது, "மற்ற" என்ற மூன்று எழுத்து மட்டும் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. ஒட்டியது தம்பியா, விழாக் குழுவா என்று கேட்க நேரமில்லை. உள்ளே இரண்டு வண்டி நின்றது.