கையில் இரண்டு நியமனக் கடிதங்கள்: விமானி எதில் கையொப்பமிடுவது?

இரண்டு விமான நிறுவனங்கள் ஒரே மாதத்தில் வேலைக்கு அழைத்தால், வீட்டார் முதலில் தேடுவது சம்பளத் தொகையைத்தான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பெற்றோரின் சேமலாப நிதிப் பணத்தையும் அடகு வைத்த நகைகளையும் இரத்மலானைப் பயிற்சிப் பள்ளியில் கட்டி, வர்த்தக விமானி உரிமம் பெற்ற ஒருவருக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். நானும் அதே கணக்கில்தான் முதல் வேலையைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் கடிதங்களோடு வரும்போது, அவற்றைப் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்கிறேன். எப்போது வரலாம் என்பது முதற் பக்கத்தில் இருக்கும். எப்போது, என்ன விலை கொடுத்து வெளியேறலாம் என்பது கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும்.

அங்கே இருப்பதுதான் பொண்ட். எயார்பஸ் 320, போயிங் 737, ஏரிஆர் 72 என ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தகுதியான டைப் ரேட்டிங் வேண்டும். அதற்கான சிமுலேட்டர் பயிற்சிக்கு நிறுவனம் செலவழித்தால், ஈடாக இத்தனை வருடம் வேலை செய்வேன், இடையில் போனால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதி வாங்கும். மலையகத்தாருக்கு இது புதிய செய்தியன்று. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாதிருந்த ஒரு காலம் இருந்தது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பயிற்சி என்பது உண்மையாகவே கைக்கு வரும் பொருள் என்பதால் பொண்டை அதனோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான்: கடன் எவ்வளவு, அது எப்படிக் குறைகிறது, யார் பிணை நிற்கிறார்?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இரு கடிதங்களிலும் பொண்ட் 30,000 டொலர், காலம் 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். முதற் கடிதத்தில் அத்தொகை மாதத்துக்கு 500 டொலர் வீதம் குறைகிறது. மூன்று வருடம் முடிந்து விலகினால் கட்ட வேண்டியது 12,000. மற்றதில் குறைப்பு என்ற பேச்சே இல்லை. கடைசி மாதத்தில் விலகினாலும் முழு 30,000. இவ்விரண்டும் ஒரே பொண்ட் அல்ல. நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால், அல்லது மருத்துவச் சான்றிதழை இழந்து பறக்க முடியாமற் போனால் பொண்ட் இரத்தாகுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனம் அத்தொகையைக் கட்டி உங்களை எடுத்துக்கொள்வதும் நடப்பதுண்டு.

பொண்டில் நான் ஏமாந்தது தொகையில் அல்ல, திகதியில். என் முதல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் என்றிருந்தது. அது கையொப்பமிட்ட நாளிலிருந்து அல்ல, பயணிகளோடு பறக்கும் முதல் நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்ற வரியை நான் கவனிக்கவில்லை. சிமுலேட்டருக்கு இடம் கிடைக்கவில்லை என்று பதினொரு மாதங்கள் காத்திருக்க வைத்தார்கள். அந்தப் பதினொரு மாதமும் கணக்கில் சேரவில்லை. பாடசாலை ஆசிரியராக இருந்து எனக்குப் பிணை கையொப்பமிட்ட மாமா, வீடு கட்ட வங்கிக் கடன் கேட்டபோது அந்தப் பிணையைக் காட்டி அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ஆகவே எண்ணத் தொடங்கும் நாள் எது என்பதைச் சிவப்புப் பேனையால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிணை நிற்பவருக்கு அந்த ஆங்கில ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

இனிச் சம்பளம். நாட்பேரும் (ஒரு நாள் வேலைக்கான கூலி) மேலதிகக் கொழுந்துக்கான கிலோக் கணக்கும் தெரிந்த தோட்டத்து வீட்டுக்கு இதை விளக்குவது எளிது. அடிப்படைச் சம்பளம் நாட்பேரைப் போன்றது. பறந்த மணித்தியாலத்துக்குக் கிடைக்கும் கொடுப்பனவு மேலதிகக் கிலோவைப் போன்றது. கொழுந்து கொழிக்கும் மாதத்தில் கிலோப் பணம் வரும், வரட்சியில் வராது. அடிப்படை 3,000 டொலர், மணிக்கு 30 டொலர், மாதம் 80 மணி என்று சொல்லி 5,400 என்று எழுதியிருக்கும் கடிதம், 45 மணி மட்டும் பறந்த மாதத்தில் 4,350 ஆகச் சுருங்கும். அப்போது 4,800 என்று ஒரே தொகையை எழுதிய மற்றக் கடிதம் சிறியதாகத் தெரியாது. குறைந்தபட்சமாக எத்தனை மணிக்கு உத்தரவாதம் என்பதே இங்கே முக்கியமான எண். மாதம் 95 மணி பறக்கலாம் என்று ஆசை காட்டுவோரையும் கணக்கால் சோதிக்கலாம்: ஐரோப்பிய விதிகளின்படி ஒரு விமானி தொடர்ச்சியான 28 நாட்களில் 100 மணிக்கு மேலும், ஒரு வருடத்தில் 900 மணிக்கு மேலும் பறக்கக் கூடாது. 900ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 75தான் வரும்.

எந்த நாணயத்தில் சம்பளம் என்பதை 2022க்குப் பிறகு இலங்கையர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. உள்நாட்டு வேலையானால் தொழில்தருநரின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர வேண்டும். அவை எந்தத் தொகையின் மீது கணிக்கப்படுகின்றன என்று கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வருமான வரி இல்லை. ஆனால் சேவை முடிவில் கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற வீதத்தில் கணிக்கப்படுவதால், கொடுப்பனவுகளைப் பெருக்கி அடிப்படையைச் சுருக்கிய கடிதம் கடைசியில் கையைக் கடிக்கும்.

வெளிநாட்டுக் கடிதமானால் உரிமமும் ஒரு செலவு. 1944இன் சிக்காகோ உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு விமானியின் உரிமத்தை வழங்கியிருக்க வேண்டும், அல்லது ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். நம் சிவில் விமான சேவைகள் அதிகார சபை தந்த உரிமத்தோடு ஐரோப்பாவுக்குப் போகிறவர் 13 பாடங்களில் கோட்பாட்டுப் பரீட்சை எழுத நேரிடலாம். யார் பணம் கட்டுவது, தேறும்வரை சம்பளம் உண்டா என்ற இரண்டையும் கேட்டால் போதும்.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது அடுத்ததில்: கப்டன் ஆசனத்துக்கு எத்தனை வருடம்? பெரும்பாலான நிறுவனங்களில் பதவி உயர்வு, எந்த விமான நிலையத்திலிருந்து பறப்பது என்ற தளம், விடுமுறை யாவும் சேவை மூப்புப் பட்டியலின்படியே நடக்கும். நிறுவனம் மாறினால் அனுபவம் கூட வரும், மூப்பு வராது. கப்டனாவதற்கான உயர்நிலை விமானி உரிமத்துக்கு 1,500 மணி பறந்திருக்க வேண்டும் என்பதால், சிறிய புரொப்பெல்லர் விமானமான ஏரிஆரில் மாதம் 70 மணி பறக்கும் வேலை, பெரிய விமானத்தில் எப்போதாவது பறக்கும் வேலையைவிடப் புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து. தோழர்களில் பலர் இதை ஏற்பதில்லை. ஜெட் விமானம் என்ற பெயர் சுயவிபரத்தில் இருந்தாலே போதும் என்பார்கள். பின்னர் எயார்பஸ் 330க்கு மாற விரும்புவோருக்கு 320இன் டைப் ரேட்டிங் பயிற்சிக் காலத்தைக் குறைத்துத் தரும் என்பதனால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

கப்டன் ஆசனங்கள் எப்போது காலியாகும் என்பதை ஓரளவு நீங்களே கணிக்கலாம். சர்வதேச வர்த்தகப் பறப்புகளில் விமானியின் உச்ச வயது 65. பட்டியலின் மேற்பகுதியில் இருப்போரின் வயதைக் கேட்டறியுங்கள். எயார்பஸ் 320 போன்ற குறுகிய உடலமைப்புள்ள விமானம் ஒன்றுக்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு விமானிகள் தேவை, அவர்களில் பாதிப்பேர் கப்டன்கள். ஐந்து விமானங்கள் உண்மையில் வந்து சேர்ந்தால் இருபத்தைந்து முப்பது ஆசனங்கள் திறக்கும். உண்மையில் வந்து சேர்ந்தால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவில் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தின. பின்னதன் விமானங்களிற் பாதி எஞ்சின் கோளாறால் தரையில் நின்றிருந்தன. சம்பளம் கடந்த ஒரு வருடமாக உரிய நாளில் வந்ததா என்று அங்கே வேலை செய்யும் துணை விமானி ஒருவரிடம் கேளுங்கள். நேர்முகத் தேர்வில் இருந்த மேலாளரிடம் அல்ல.

பாதுகாப்பை ஒப்பிடுவதற்கு நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தவர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரோடு கட்டுநாயக்க விமான நிலையத்தை நோக்கி வந்த டிசி 8 விமானம் சப்தகன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துக் கீழே இறங்கியிருந்தார்கள். ஆகையால் நேர்முகத்தில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: தரையிறங்க வேண்டாம், மேலே போவோம் என்று துணை விமானி சொன்னால் கப்டன் கேட்டே ஆக வேண்டும் என்று உங்கள் கையேட்டில் இருக்கிறதா? பதில் சொல்பவர் சிரித்தால் அதுவும் ஒரு பதில்தான். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் ஐயோசா என்ற பாதுகாப்புத் தணிக்கைப் பதிவேட்டில் அந்நிறுவனம் உண்டா, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் உண்டா என்பவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

தளம் கட்டுநாயக்க என்றிருந்தால் வீட்டிலிருந்து போய்வரலாம் என்று அம்மா நினைப்பார். ஹட்டனிலிருந்து வாகனத்தில் நான்கைந்து மணித்தியாலம். வழியில் கினிகத்தேனையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அவசரத்துக்கு அழைப்பார்கள் என்று தயாராகக் காத்திருக்கும் ஸ்டான்ட்பை நாளில் அழைத்தவுடன் ஒன்று ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்து நிற்க வேண்டும் என்பதால், சீதுவையிலோ நீர்கொழும்பிலோ போடிங் (வாடகை அறை) எடுத்தே ஆக வேண்டும். அந்த வாடகையைச் சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் முழு விடுமுறை, பயணச் சீட்டும் நிறுவனத்தினுடையது என்று எழுதிய வெளிநாட்டுக் கடிதம் சில வேளைகளில் உங்களைக் கட்டுநாயக்கவைவிட அதிக நாட்கள் ஹட்டனில் இருக்க விடும். அம்மாவுக்கு நான் இதை ஒரு நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

இவ்வளவும் பார்க்க ஒரு வாரம் வேண்டும். அந்த அவகாசத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். தெரிந்தெடுத்த நிறுவனம் கையொப்பமிட்ட பிரதியைத் திருப்பி அனுப்பும்வரை மற்றதை மறுக்க வேண்டாம். மறுக்கும்போது நன்றி கூறி இரண்டு வரியில் எழுதுங்கள், இதே நிறுவனத்தை ஐந்து வருடங்களில் மீண்டும் தேடிப் போக நேரலாம். பணியில் சேரும் நாளில் உரிமம், மருத்துவச் சான்றிதழ், பறப்புப் பதிவேடு, கடவுச்சீட்டு ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், நகல் எடுக்க விடுங்கள், எடுத்து முடித்ததும் அங்கேயே திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.