பழைய பேஸ்பால் வீரரிடம் தபாலில் கையெழுத்து வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் பேஸ்பால் கார்டு சேர்ப்பவர்களிடம் ரொம்ப காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஓய்வுபெற்ற ஆட்டக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் படம் போட்ட கார்டை உள்ளே வைத்து, பதில் அனுப்ப ஒரு கவரும் சேர்த்துத் தபாலில் போடுவார்கள். சில வாரங்கள் கழித்து அந்தக் கார்டு அவருடைய கையெழுத்தோடு வீட்டுக்கு வரும். வராமலும் போகலாம். நியூ ஜெர்சிக்குக் குடிவந்த புதிதில், தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு ஷூ பெட்டி நிறையக் கார்டுகள் வாங்கினேன். என் ஆர்வம் அந்தப் பெட்டியில் தொடங்கியதுதான். அதிகச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

1. யாருக்கு எழுதுவது?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய நட்சத்திரங்களுக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்கள் ஏராளம். பலர் கையெழுத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் தபாலில் கையெழுத்தே போடுவதில்லை. என் யோசனை வேறு. எழுபதுகளிலோ எண்பதுகளிலோ நான்கைந்து சீசன் ஆடி, அப்புறம் ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள். அவர்களை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அதனாலேயே வருகிற கடிதத்தை உட்கார்ந்து படிப்பார்கள்.

எழுதும் முன், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். துக்க வீட்டுக்கு இப்படி ஒரு கவர் போய்ச் சேரக் கூடாது.

2. எந்தக் கார்டு?

டாப்ஸ் நிறுவனத்தின் 1987 கார்டுகளை நான் எப்போதும் முதலில் சொல்வேன். மரப்பலகை மாதிரி ஓரம் போட்ட 792 கார்டுகள் கொண்ட வரிசை அது. அந்தக் காலத்தில் கணக்கில்லாமல் அச்சடித்ததால் பிரபலமில்லாத வீரர்களின் கார்டு இன்றும் சில சென்ட்டுகளுக்குக் கிடைக்கும். முக்கியமான விஷயம், அட்டையில் பளபளப்பு கிடையாது. மை உடனே பிடித்துக்கொள்ளும்.

1989-இல் வந்த அப்பர் டெக் கார்டுகள் மாதிரி வழவழப்பானவை வேறு ரகம். மை அட்டையில் இறங்காமல் முத்து முத்தாக நின்று, விரல் பட்டதும் இழுபட்டுவிடும். எனக்கு அப்படி ஒரு நல்ல கையெழுத்து வீணாகியிருக்கிறது. இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பஞ்சில் கொஞ்சம் பேபி பவுடர் தொட்டு, கார்டின் மேல் மெதுவாக வட்டமாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். வழவழப்பு குறைந்துவிடும்.

படத்தில் வானமோ, வெள்ளைச் சீருடையோ, வெளிர் நிறமாக ஏதாவது ஒரு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கருநீலச் சட்டையின் மேல் நீல மையில் போட்ட கையெழுத்து கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, தொலைந்தால் மனம் தாங்காது என்ற கார்டை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

3. விலாசம்

இப்போது ஆடுகிறவர்களுக்கு அணியின் மைதான விலாசம் போதும். ஓய்வுபெற்றவர்களுக்கு அது பெரும்பாலும் உதவாது. ஒரு வீரர் சொந்தமாக அறக்கட்டளையோ, பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளியோ, இணையதளமோ வைத்திருந்தால், ரசிகர்கள் எழுத வேண்டிய முகவரியை அதிலேயே கொடுத்திருப்பார். அதைத்தான் நான் முதலில் தேடுவேன். சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் பகிரும் பட்டியல்களும் உண்டு. யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பினோம், எப்போது பதில் வந்தது என்று அதில் குறித்து வைத்திருப்பார்கள். கடைசிப் பதில் சமீபத்தில் வந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கிடைத்த விலாசம் கடிதம் போட மட்டும்தான். அங்கே நேரில் போய் நிற்பதோ, பொதுவெளியில் எடுத்துப் போடுவதோ கூடாது.

4. கடிதம்

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே பக்கம், கையால் எழுதியது, ஆங்கிலத்தில். அச்சடித்த ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பினால், வாங்குகிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு லென் பார்க்கரை எடுத்துக்கொள்வோம். 1981 மே 15 அன்று கிளீவ்லேண்ட் அணிக்காக டொரான்டோவை எதிர்த்துப் பந்து வீசினார். எதிரணியினர் 27 முறை மட்டை பிடிக்க வந்தார்கள், ஒருமுறைகூட யாரும், அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸில் கால் வைக்கவில்லை. இதைத்தான் பெர்ஃபெக்ட் கேம் என்கிறார்கள். மட்டைக்காரர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது ஸ்ட்ரைக்அவுட். அன்றைக்கு அவர் எடுத்த 11 ஸ்ட்ரைக்அவுட்டிலும் மட்டைக்காரர் கடைசிப் பந்துக்கு மட்டையை வீசி ஏமாந்தார். "நீங்கள் மாபெரும் வீரர், நான் உங்கள் தீவிர ரசிகன்" என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். "அந்த 11 ஸ்ட்ரைக்அவுட்டில் ஒன்றில்கூட யாரும் கடைசிப் பந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை என்று படித்தேன். அன்று உங்கள் கர்வ்பால் அப்படி வளைகிறது என்று முதலில் உங்களுக்குத் தெரிந்ததா, கேட்சருக்கா?" என்ற கேள்வியை அவருக்கு மட்டும்தான் எழுத முடியும்.

அவ்வளவு பெரிய சாதனை எல்லோருக்கும் இருக்காது. கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் புள்ளிவிவரத்தைப் படியுங்கள். ஏதாவது ஒரு சீசனில், ஏதாவது ஒரு ஊரில், சொல்வதற்கு ஒன்று கட்டாயம் இருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: நீங்கள் யார் என்று ஒரு வரி. அவருடைய ஆட்டத்தைப் பற்றி இரண்டு மூன்று வரி. அப்புறம் வேண்டுகோள். உங்கள் பெயரைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெயர் போட்ட கார்டை விற்பது கஷ்டம் என்பதால், இவர் வியாபாரி இல்லை என்று அவருக்குப் புரியும். முடிந்தால் நீல ஷார்ப்பி மார்க்கரில் போடும்படி கேட்கலாம். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லி முடியுங்கள்.

ஒரு கார்டு, மிஞ்சினால் இரண்டு. ஆறு கார்டு அனுப்புவது அவர் தோளில் வேலையை ஏற்றுவது. நான் சில சமயம் கூடுதலாக ஒன்று வைத்து, "இது உங்களுக்கு, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்று எழுதுவேன்.

5. கவர்

தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களுக்கு 'சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறை' என்ற நிபந்தனை மனப்பாடம். அதேதான் இங்கேயும். வெளிக் கவருக்கு 10-ஆம் நம்பர், உள்ளே வைக்க 9-ஆம் நம்பர் வாங்கினால் மடிக்காமல் அப்படியே உட்காரும். இரண்டிலும் ஃபாரெவர் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பதில் வருவதற்குள் தபால் கட்டணம் ஏறினாலும் அது செல்லும்.

கார்டின் இரு பக்கமும் காலை உணவுச் சீரியல் டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய அட்டை வையுங்கள். டேப் போட்டு ஒட்டாதீர்கள். எழுபது எண்பது வயதுக் கைகள் அதைப் பிரிக்கச் சிரமப்படும். கெட்டியான பிளாஸ்டிக் உறை, பேனா எதுவும் வேண்டாம். கவர் விறைப்பாகவோ மேடுபள்ளமாகவோ இருந்தால் இயந்திரத்தில் போகாது, கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஒரு ஸ்டாம்புக்கு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம்தான் எல்லை. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

பதில் கவரின் உள் மடிப்பில் வீரரின் பெயரைப் பென்சிலால் சின்னதாகக் குறித்து வையுங்கள். மாதங்கள் கழித்து வரும்போது எது யாருடையது என்று உடனே தெரியும்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போகும் சாதாரணக் கடிதத்தில் காகித ஆவணங்கள் மட்டுமே போகலாம் என்று அமெரிக்க அஞ்சல் துறையில் விதி இருக்கிறது, கார்டு அந்தக் கணக்கில் சேராது. ஆகவே பதில் கவரில் அமெரிக்காவிலுள்ள சொந்தக்காரரின் விலாசத்தை எழுதிவிடுவதே நல்லது.

6. காத்திருப்பு

பத்து நாளிலும் வரும், ஒரு வருடம் கழித்தும் வரும். ஒரு நோட்டில் பெயர், அனுப்பிய தேதி, எந்தக் கார்டு என்று எழுதிவிட்டு அடுத்தவருக்கு எழுதத் தொடங்குங்கள். ஞாபகப்படுத்தி இன்னொரு கடிதம் போட வேண்டாம். விலாசம் மாறிவிட்டது என்ற முத்திரையோடு திரும்பி வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. கார்டு வந்ததும்

கையெழுத்தை அதே வீரரின் மற்றக் கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு யாராவது போட்டுக் கொடுப்பதும், ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதும் உண்டு. பழைய தலைமுறைக்காரர்கள் போட்டது பெரும்பாலும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிற மாதிரி இருக்கும். மின்னசோட்டா அணிக்கு ஆடி, மொத்தம் 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லப்ரூ இதில் கறாரானவர். பின்னாளில் அதே அணிக்கு ஆடிய டோரி ஹன்டரின் கிறுக்கலைப் பார்த்து, பெயர் தெரிகிற மாதிரி எழுது என்று கண்டித்தார். ஹன்டரும் மாற்றிக்கொண்டார். கில்லப்ரூ 2011-இல் காலமானார். அவர் நிறுத்தி நிதானமாகப் போட்ட கையெழுத்துகளைப் பார்க்கும்போது, கேட்கிறவர் மேல் அவருக்கு இருந்த மரியாதை எனக்குத் தெரிகிறது.

மை காய்ந்ததும் மெல்லிய உறையில் போட்டு, பிறகு கெட்டி உறைக்குள் செருகி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அந்த வாரத்துக்குள் ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது என்று அவருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். அதில் வேறு எதையும் கேட்காதீர்கள்.