அமெரிக்க வயல்களைக் கூகுள் எர்த்தில் படிப்பது எப்படி?

கூகுள் எர்த்தைத் திறந்து, கான்சஸ் மாநிலத்தில் கார்டன் சிட்டி என்று தேடுங்கள். தரை முழுக்கச் சதுரங்கள், உள்ளே பச்சை வட்டங்கள். முதலில் ஒரு சதுரத்தை அளந்து பாருங்கள். பக்கம் அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர் வந்தால் அது 160 ஏக்கர். 1862-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் ஒருவருக்குக் கொடுத்த நிலம் இதே அளவுதான். இப்படி நிலம் கொடுப்பதை அதுவரை தடுத்து வந்த தென் மாநிலத்தார் பிரிந்து போனதால்தான் அது நிறைவேறியது.

வட்டம் பின்னால் வந்தது. ஃபிராங்க் சைபக் என்ற விவசாயி 1952-இல் காப்புரிமை வாங்கிய பாசனக் கருவி போடும் வட்டம் அது. சக்கரம் வைத்த கால் மைல் நீளக் குழாய், நடுப்புள்ளியைச் சுற்றி வந்துகொண்டே தண்ணீர் தெளிக்கும். சதுரத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும், நான்கு மூலைக்கு மட்டும் தண்ணீர் எட்டாது. எல்லாம் ஓகலாலா என்ற பெரிய நிலத்தடி நீர்ப்படுகையின் தண்ணீர். மழை நிரப்புவதைவிட வேகமாக உறிஞ்சுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய கவலை. வெளிறிய வட்டம் தெரிந்தால் போர்வெல் வற்றியதா, சும்மா தரிசு போட்டதா என்று வேறு வருடப் படங்களிலும் பாருங்கள்.

அப்புறம் கான்சஸின் தென்மேற்கு மூலைக்கு, மோர்ட்டன் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) நகருங்கள். வட்டமே இல்லாத பழுப்பு நிலம் வரும்: சிமரான் தேசியப் புல்வெளி. முதல் உலகப் போரில் கோதுமை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 2 டாலருக்கு மேல் அரசே விலை உறுதி தந்ததும், ஃபோர்ட்சன் மாதிரி மலிவான டிராக்டர்கள் வந்ததும் சேர்ந்து இந்தப் பக்கத்துப் புல்வெளிகளையெல்லாம் உழ வைத்தன. விலை விழுந்தது, மழை பொய்த்தது, 1930-களில் மண் புழுதிப் புயலாகப் பறந்தது. பாழான நிலத்தை அரசு விலைக்கு வாங்கி மறுபடி புல் வளர்த்தது.

சரி, அடுத்து அயோவா மாநிலம். ஊர் ஓரத்து உரக்கிடங்கு முற்றத்தைப் பெரிதாக்கினால் வெள்ளை டேங்குகள் வரிசையாக நிற்கும். அதில் இருப்பது அம்மோனியா, மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து. இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்துக்காக அரசு கட்டிய அம்மோனியா ஆலைகள் போர் முடிந்ததும் உரத்துக்குத் திரும்பின, அதற்குப் பிறகுதான் விளைச்சல் இந்த அளவுக்கு ஏறியது. இன்று நாட்டின் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. 2005, 2007 எரிபொருள் சட்டங்கள் அதை வேகப்படுத்தின.

வயல் நடுவில் தனியாக மரக்கூட்டம் தெரிந்தால் அங்கே ஒரு வீடு இருந்திருக்கலாம். 1935-இல் நாட்டில் 68 லட்சம் பண்ணைகள், 2022-இல் 19 லட்சம். உறுதி செய்ய, இணையத்தில் கிடைக்கும் 1930-களின் வான்வழிப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாகுபடியைக் குறைத்தால் பணம் தருவதாகச் சொன்ன அரசு, விவசாயி நிஜமாகவே குறைத்தாரா என்று அளக்க எடுத்த படங்கள் அவை. அதனால் வேலி, கொட்டகை, களத்துமேடு எல்லாம் தெளிவாகத் தெரியும்.