நடைபாதை சரியாக இருந்தால்தான் பஸ்ஸுக்கு ஆள் வரும்

பஸ்ஸில் போகிறவர் முதலில் நிறுத்தம் வரை நடந்தாக வேண்டும். உங்கள் தெருவில் நடைபாதை போடும்போதே டேப் பிடித்து அளந்து பாருங்கள். மின்கம்பம், மரம், டிரான்ஸ்பார்மர் எல்லாம் போக, தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும்; இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அவ்வளவு தேவை. உயரம் 15 செ.மீ.க்கு மேல் போனால் முதியவர்கள் ஏறாமல் சாலையிலேயே நடப்பார்கள். சாய்தளம் 1:12, அதாவது 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம்.

பெரும்பாலும் கெடுவது வீட்டு கேட் முன்னால்தான். கார் ஏறி இறங்க நடைபாதையையே வெட்டிச் சரித்துவிடுகிறார்கள். பத்தடிக்கு ஒரு பள்ளம் என்றால் யார் நடப்பார்கள்? நடைபாதை ஒரே மட்டத்தில் தொடரட்டும், சரிவு சாலையோர விளிம்பில் மட்டும். தடுப்புக் கம்பங்களுக்கு இடையே 90 செ.மீ.க்குக் குறைந்தால் சக்கர நாற்காலி சிக்கிக்கொள்ளும்.