துள்ளும் லாப்ரடார் குட்டியை வகுப்புக்குக் கூட்டிப் போகிறீர்களா?

எட்டு மாத லாப்ரடார் பயிற்சி வகுப்பில் முதலில் யார் பேச்சையும் கேட்காது. மற்ற நாய்களைப் பார்த்த உற்சாகம்தான், திமிர் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே போய், மைதானத்து ஓரமாகத் தள்ளி நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். வாரை இழுத்தால் அப்படியே நின்றுவிடுங்கள். வார் தொய்ந்ததும் நடக்கலாம். மேலே தாவினால் திட்டவோ தள்ளவோ வேண்டாம், அதற்கு அதுவும் விளையாட்டுதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே தீனி! உப்பில்லாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழி, சுண்டுவிரல் நகம் அளவு போதும். லாப்ரடாருக்குச் சட்டென்று எடை ஏறும், அதனால் அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். அப்புறம், வீட்டில் எல்லோரும் ஒரே கட்டளையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘உட்கார்’, இன்னொருவர் ‘சிட்’ என்றால் பாவம், அது என்ன செய்யும்?