பீல்ட் ரெஸ்ட்டுக்குப் போறவை இதைக் கொஞ்சம் கவனியுங்கோ

குளுக்கோமா (கண் நரம்பைப் பழுதாக்கிற வருத்தம்) இருக்கிற ஆக்களுக்கு கிளினிக்கில பீல்ட் ரெஸ்ட் எழுதித் தருவினம் தானே, வெளிச்சப் புள்ளி தெரியேக்க பட்டனை அமத்த வைச்சு நடுப்பார்வையைச் சுத்தி எவ்வளவு தெரியுது எண்டு பாக்கிறது, அதைப் பாஸ் பண்ண வேண்டிய சோதனை எண்டு நினைச்சுத்தான் நிறையப்பேர் பயப்பிடுகினம், எங்கட அம்மாவும் அப்பிடித்தான், வெளிச்சம் தெரியாட்டியும் மெசின் சத்தம் கேட்கக் கேட்க பட்டனை அமத்திக்கொண்டே இருந்தவா. ரிப்போர்ட்டில பொய்யா அமத்தின கணக்கு 30 வீதத்துக்கு மேல. 15 தாண்டினாலே நம்பேலாது, ஏனெண்டா உள்ள இருக்கிற பழுது மறைஞ்சு கண் நல்லாயிருக்கிற மாதிரிக் காட்டும். பருத்தித்துறையில இருந்து திரும்பவும் பஸ் ஏறி வந்து செய்ததுதான் மிச்சம்.

முக்கியமா விளங்க வேண்டியது, இந்த ரெஸ்ட் செய்யிற ஹம்ப்ரி மெசின் வெளிச்சத்தை வேணுமெண்டே மங்கலாக்கி மங்கலாக்கி, எந்த மங்கல் மட்டும் உங்களுக்குத் தெரியுது எண்டு தேடும், நல்ல கண்ணுக்கே பாதிக்குப் பாதி தெரியாது. தெரியாட்டி பேசாம இருங்கோ. கண்ணால தேடித் திரியாதேங்கோ, நடுவில இருக்கிற மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் பாருங்கோ. அமத்தேக்க கண்ணைச் சிமிட்டலாம், அது பிழையில்லை. களைச்சால் பட்டனை அமத்திப் பிடிச்சா மெசின் நிக்கும், இதை ஒருத்தரும் அம்மாவுக்குச் சொல்லேல்ல.

இருக்க முதலே கதிரை உயரத்தைச் சரி பண்ணச் சொல்லிக் கேளுங்கோ, நாரி நொந்தா தலை தானாப் பின்னால போகும், நெற்றி பட்டியில இருந்து விலகினா கண்ணுக்கு முன்னால வைக்கிற கண்ணாடி வில்லையின்ர விளிம்பு மறைச்சு, ரிப்போர்ட்டில ஓரமெல்லாம் கறுப்பா விழும். இமை தொங்கிற வயசானவைக்கு பிளாஸ்ரர் ஒட்டி இமையைத் தூக்கிவிடச் சொல்லுங்கோ. பாவிக்கிற கண்ணாடியையும் கொண்டு போங்கோ.

முதல் ரிப்போர்ட் கூடாம வந்தா உடன அழுது குழறாதேங்கோ. கண் பிரஷர் கூடின ஆக்களை வைச்சு அமெரிக்காவில செய்த ஒரு பெரிய ஆய்வில, முதல்தரம் பழுதெண்டு வந்த பீல்ட்டுகளில 85 வீதத்துக்கு மேல திரும்பச் செய்யேக்க உறுதியாகேல்ல. அதுக்காக மருந்துத் துளியை நிப்பாட்டிறேல்ல, டொக்டரிட்ட திரும்பச் செய்யலாமோ எண்டு கேளுங்கோ. இன்னொண்டு, தெரிஞ்ச இடத்தில அமத்தாம விட்ட கணக்குக் கூடினா அது கவனக்குறைவு மட்டுமில்லை, வருத்தம் முத்தின கண்ணிலயும் அப்பிடி வரும், வீட்டில ஆக்களைப் பேசாதேங்கோ.

பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு பைலில திகதிப்படி அடுக்கி வையுங்கோ, அதுகளை ஒண்டோட ஒண்டு ஒப்பிட்டுத்தான் பார்வை குறையுதோ எண்டு பாப்பினம்.