பழைய பெண்ணியவாதிகள் அறம் பேசும்போது எப்படி வாசிப்பது?

ஆங்கில எழுத்தாளர் மேரி வொல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் வெளியிட்ட 'எ விண்டிகேஷன் ஆஃப் த ரைட்ஸ் ஆஃப் உமன்' (பெண்ணின் உரிமைகளுக்கான வாதம்) நூலைத் தலைப்பை நம்பிக் கையில் எடுக்கிறவர்கள் கொஞ்ச நேரத்திலேயே திகைத்துப்போவார்கள். உரிமையைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால் அறம், அடக்கம், கற்பு, கடமை, கடவுள் என்றே போய்க்கொண்டிருக்கும், போதாக்குறைக்குப் பெண்களையே வேறு திட்டித் தீர்ப்பார். இவரா பெண்ணியத்தின் முன்னோடி என்று பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். மூட வேண்டாம், வாசிக்கிற வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

முதலில் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அவர் யாரோடு சண்டை போடுகிறார் என்பது அங்கேதான் தெரியும். தத்துவவாதி ரூசோ 1762-இல் எழுதிய 'எமில்' நூலில் சோஃபி என்றொரு பெண் வருகிறாள். ஆணுக்குப் பிடித்தமாதிரி இருப்பதற்காகவே வளர்க்கப்படுகிறவள். ஆணுக்கு ஊர்ப்பேச்சு அறத்தின் கல்லறை, பெண்ணுக்கோ அதுவே அறத்தின் சிம்மாசனம் என்பது ரூசோவின் கருத்து. மகள்களுக்கு அறிவுரையாக ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கிரிகரி எழுதி 1774-இல் வெளிவந்த புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், உனக்குப் படிப்பறிவு இருந்தால் அதை வெளியே காட்டாதே, குறிப்பாக ஆண்களிடம் காட்டாதே என்கிறது. இதெல்லாம் அன்று 'நல்ல பெண்' ஆவதற்கான பாடம். இந்த நூல்களைத் தேடிப் படிக்க வேண்டிய அவசியமில்லை, வொல்ஸ்டன்கிராஃப்டே நீளநீளமாக மேற்கோள் காட்டித்தான் கிழிக்கிறார்.

அடுத்து, அறம் என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இருபாலருக்கும் பொதுவா, பெண்ணுக்கு மட்டும் தனியா? ரூசோவும் கிரிகரியும் தனி என்பார்கள். வொல்ஸ்டன்கிராஃப்ட் பொது என்பார். அடக்கத்தைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பிலேயே அது ஒரு பாலுக்கு மட்டும் உரிய குணமல்ல என்று சொல்லிவிடுகிறார், கற்பு ஆண்களிடம் மதிக்கப்படாதவரை பெண்களிடமும் நிலைக்காது என்பது அவர் வாதம். எட்டாவது அத்தியாயத்தில், நல்லவளாக இருப்பதைவிட நல்லவள் என்று பெயர் வாங்குவதே முக்கியம் என்று கற்றுக்கொடுத்தால் ஒழுக்கமே உளுத்துப்போகும் என்கிறார். இது அவர் மட்டும் கண்டுபிடித்ததும் அல்ல. ஆங்கில வரலாற்றாசிரியர் கேத்தரின் மெக்காலே 1790-இல் கல்வி பற்றி எழுதிய கடிதங்களில் அறத்துக்கு ஆண், பெண் என்று இரண்டு அளவுகோல் கிடையாது என்று சொல்லியிருந்தார், வொல்ஸ்டன்கிராஃப்ட் அந்த நூலுக்கு மதிப்புரையே எழுதியவர்.

இனி முக்கியமான இடம், இங்கே மெதுவாகப் போங்கள். அவருடைய வாதம் ஒரு சங்கிலி. அறம் என்பது சொன்னதைச் செய்வது அல்ல, சரி எது தவறு எது என்று சொந்தப் பகுத்தறிவால் யோசித்து நடப்பது. யோசிக்கக் கல்வி வேண்டும். யோசித்தபடி நடக்க, சோற்றுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்காத நிலை வேண்டும். இரண்டையும் பிடுங்கிக்கொண்டு பெண்ணிடம் அறத்தை எதிர்பார்த்தால் கிடைப்பது கீழ்ப்படிதலும் தந்திரமும்தான். அவர் பெண்களைத் திட்டுகிற பக்கங்களை இந்த வெளிச்சத்தில் திரும்பப் படியுங்கள்: அலங்காரப் பித்து, பொய், சிறுபிள்ளைத்தனம் என்று அவர் அடுக்குவதெல்லாம் பெண்ணின் இயல்பு அல்ல, வளர்ப்பின் விளைவு. அதற்குச் சாட்சியாகப் படைவீரர்களைக் காட்டுகிறார்! யோசிக்காமல் கட்டளைக்கு அடிபணியப் பழகிய அவர்களும் உடைப் பகட்டிலும் நடனத்திலும் பெண்களைக் கவர்வதிலும் மூழ்கிக்கிடக்கிறார்களே, அவர்கள் ஆண்கள்தானே என்பது கேள்வி. எனக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த அடி அதுதான். பெண்களுக்கு ஆண்கள்மேல் அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தங்கள்மேல் அதிகாரம் வேண்டும் என்கிறேன் என்று நாலாம் அத்தியாயத்தில் சொல்வதும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். ஆக, உரிமை அவருக்கு முடிவு அல்ல, நல்ல மனுஷியாக வாழ்வதற்கான முன்நிபந்தனை.

எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இன்னொரு ஆங்கில எழுத்தாளரான மேரி ஆஸ்டெல் 1694-இல் பெண்கள் சேர்ந்து படித்து வாழ ஒரு தனி இல்லம் வேண்டும் என்று எழுதினார். ஆண்கள் எல்லாரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால் பெண்கள் எல்லாரும் அடிமைகளாகப் பிறப்பது எப்படி என்று 1706-இல் கேட்டவரும் அவர்தான். ஆனால் அவர் மன்னராட்சிக்கும் திருச்சபைக்கும் உறுதியான ஆதரவாளர், கல்யாணம் செய்துகொண்டால் அடங்கித்தான் ஆக வேண்டும், அதனால் யோசித்துச் செய் அல்லது செய்யாதே என்கிற ரகம். வொல்ஸ்டன்கிராஃப்டோ பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றவர்.

சரி, இன்றைய பெண்ணியம் எங்கே விலகுகிறது? கேள்வியே மாறிவிட்டது. நான் எப்படிப்பட்ட ஆளாக வேண்டும் என்பது பின்னுக்குப் போய், எந்த அமைப்பு எங்களை இப்படி வைத்திருக்கிறது என்பது முன்னுக்கு வந்தது. சட்டம், ஊதியம், வீட்டுவேலை, உடல்மீதான உரிமை எல்லாம் அரசியல் ஆயின, தேர்வு செய்யும் சுதந்திரமே மையமானது, எதைத் தேர்வு செய்தால் நல்லது என்று சொல்வதற்குப் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வொல்ஸ்டன்கிராஃப்ட் 1797-இல் இறந்த பிறகு கணவர் வில்லியம் காட்வின் அடுத்த ஆண்டே மனைவியின் வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி எழுதினார். வொல்ஸ்டன்கிராஃப்டுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை பற்றி ஊருக்குத் தெரிந்ததும் அவர் பெயர் பல பத்தாண்டுகள் சேற்றில் கிடந்தது. ஒழுக்கம் என்ற பேச்சு பெண்ணை அடிக்கும் தடியாக எப்படி மாறுகிறது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

வொல்ஸ்டன்கிராஃப்டைத் துணைக்கு அழைத்து இன்றைய பெண்ணியத்தை வசைபாடுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கற்பைப் பற்றி அவர் சொன்னதை எடுப்பார்கள், அதை ஆண்களிடமும் கேட்டதை விட்டுவிடுவார்கள். மறுபக்கம், அவர் போதாமைகளை மூடிமறைக்கவும் வேண்டாம். நடுத்தர வகுப்புப் பெண்களையே அதிகம் மனதில் வைத்து எழுதுவதாக அவரே சொல்கிறார், தாய்மையைப் பெண்ணின் பெரிய கடமையாகப் பேசுகிறார். இனமும் பாலினமும் சேர்ந்து ஒரே ஆளை எப்படி நசுக்குகின்றன என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் எழுதியதைப் பக்கத்தில் வைத்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும். அதற்காக இன்று அறம் பேசுகிறவர்களே இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம், 1982-இல் அமெரிக்க உளவியலாளர் கேரல் கில்லிகன் எழுதியதையொட்டி அக்கறையை மையமாக வைத்து ஒரு அறவியலே வளர்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆணும் பெண்ணும் அறத்தைப் பேசும் குரல் வேறு என்ற அந்தக் கருத்தோடு வொல்ஸ்டன்கிராஃப்ட் கட்டாயம் மல்லுக்கட்டியிருப்பார்.

ஆகவே வரிசை இது: ஐந்து, இரண்டு, நாலு, ஏழு, எட்டு, ஒன்பது, பிறகு விட்டதெல்லாம். அப்புறம் அவர் முடிக்காமல் விட்டு, 1798-இல் வெளிவந்த 'மரியா' நாவலையும் எடுங்கள். கணவன் மரியாவைப் பித்தர் விடுதியில் அடைக்கிறான், அவளைக் காவல் காக்கும் ஜெமைமா அடிமட்டத்திலிருந்து வந்தவள், இருவரும் தங்கள் கதையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், கடைசியில் வழக்கு நீதிமன்றம் போக, மரியாவின் வாதத்தை நீதிபதி தூக்கியெறிகிறார். இங்கே அறத்தைவிட அமைப்புதான் முன்னால் நிற்கிறது, பழைய பெண்ணியத்துக்கும் இன்றையதற்கும் நடுவே நான் மேலே போட்ட கோடு கொஞ்சம் கலைந்துபோகும்.